இரவல் குரல்

என் கணவர் லம்பேர் திரையில் சாவதற்கென்றே பிறந்தவர். படகோட்டி, தப்பியோடிய கைதி, யாரும் இறங்காத ரயில் நிலையத்தின் அதிகாரி என்று எத்தனையோ வேடம் கட்டினார். கடைசிச் சுருள் ஓடும்போது எப்படியும் குண்டடி பட்டோ தண்ணீரில் விழுந்தோ செத்துப்போவார். லியேஜ் ஊரிலிருந்த என் மாமியார் ஒவ்வொரு படத்தையும் பார்த்து அழுதுவிட்டு, மறுநாள் தொலைபேசியில் கூப்பிட்டு, "பையன் நல்லாத்தானே இருக்கான்?" என்று கேட்டு உறுதி செய்துகொள்வார்.

லம்பேர், மியூஸ் நதியில் நிலக்கரிப் படகு ஓட்டியவரின் மகன். அவர் பாரிஸுக்கு வந்தபோது சினிமா ஊமையாக இருந்தது. அதில் அவருக்குக் கிடைத்ததெல்லாம் கூட்டத்தில் ஒருவராக நிற்கும் வேலைதான். முகம் அப்படி, பாதி வெந்த உருளைக்கிழங்கு மாதிரி. கட்டிக்கொண்டவள் நானே சொல்கிறேன். பிறகு சினிமா பேச ஆரம்பித்தது. ராஜகளை சொட்டிய நாயகர்கள் வாயைத் திறந்தார்கள், அரங்கம் சிரித்தது. லம்பேர் வாயைத் திறந்தார், அரங்கம் அடங்கியது. ஈரக் கூழாங்கல் மேல் வண்டி உருள்கிற மாதிரியான குரல். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது அவர் விஷயத்தில் அப்படியே பலித்தது.

போர்க்காலத்தில் ஜெர்மானியர்களின் கையிலிருந்த ஒரு படநிறுவனம் கூப்பிட்டபோது, தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டு என் அக்கா வீட்டில் முயல் வளர்த்துக்கொண்டு இருந்தார். அந்தப் பொய் பிற்பாடு மெய்யாகும் என்று யார் கண்டது?

ஐம்பத்தாறாம் ஆண்டு இலையுதிர்காலத்தில் வடக்கே ஒரு கால்வாயில் படகுக்காரன் கதை ஒன்றில் நடித்தார். காற்று பிய்த்துக்கொண்டு போனது. அங்கே பதிவான ஒலி எதுவும் தேறாது, பேச்சையெல்லாம் பாரிஸில் பதிவுக்கூடத்தில் மறுபடி பேசிச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அது வழக்கம்தான். ஆனால் அதற்குள் தொண்டையில் கட்டி என்று மருத்துவர் சொன்னார். உயிரைக் காப்பாற்றினார்கள், குரலை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளையும் கையில் ஒரு சிலேட்டுமாக வீட்டுக்கு வந்தார்.

தயாரிப்பாளர் ஒருநாள் எங்கள் சமையலறையில் வந்து உட்கார்ந்தார். காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"மதாம் யூஜெனி, படத்தை ஊமையா விட முடியாது. யாராவது பேசியாகணும். நல்ல குரல் உள்ளவங்க நிறையப் பேர் இருக்காங்க. இல்லேன்னா... ஃபிர்மேன் இருக்கான்."

ஃபிர்மேன்! பாரிஸில் பிகால் பக்கம் ஒரு கேளிக்கை விடுதியில் லம்பேரைக் கிண்டல் செய்தே வயிறு வளர்த்தவன். கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டு, தாடையைத் தொங்கவிட்டு, "நான் இன்னிக்கு சாகப்போறேன். அதுக்கு முன்னாடி ஒரு தட்டு சூப் குடு" என்பான். மேசைகள் அதிரும். ஒருமுறை தெரியாத்தனமாக நாங்களே போய் உட்கார்ந்து, பாதியில் எழுந்து வந்தோம். அதற்கப்புறம் பழக்கடைக்காரன்கூட லம்பேரைப் பார்த்தால் தாடையைத் தொங்கவிட ஆரம்பித்தான். எனக்கு எரியாதா?

"அந்தக் குரங்கு என் வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது" என்றேன்.

லம்பேர் சிலேட்டில் எழுதிக் காட்டினார்: "அவனைக் கூப்பிடு."

"உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா? உன் கடைசிப் படம்யா அது! அதுல போய் அவனைக் கோமாளித்தனம் பண்ண விடுவியா?"

அவர் துடைத்துவிட்டு மறுபடி எழுதினார்: "இருபது வருஷமா என்னை உன்னிப்பாக் கேட்டவன் அவன்."

"அப்ப நான் கேக்கலையா?"

கொஞ்சம் யோசித்தார். பிறகு எழுதினார்: "நீ பதில் சொன்னே. அவன் கேட்டான்."

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு நான் உப்பே போடவில்லை.

பதிவுக்கூடத்துக்கு ஃபிர்மேன் இருமல் மருந்து புட்டியோடு வந்தான். பக்கத்தில் பார்த்தால் ஒல்லியான, பயந்த ஆள். லம்பேருக்குக் கை கொடுக்கும் பதற்றத்தில் புட்டியைக் கீழே நழுவவிட்டான். எனக்கு அதைப் பார்த்துச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

எங்கள் பதிவுக்கூடங்களில் திரையின் அடியில் ஒரு எழுத்துப் பட்டை ஓடும். நடிகரின் உதடு இழுக்கும் இடத்தில் எழுத்தும் நீண்டிருக்கும், வேகமாகப் பேசும் இடத்தில் நெருக்கியடிக்கும். ஒரு செங்குத்துக் கோட்டை எந்த எழுத்து வந்து தொடுகிறதோ அதைச் சொன்னால் போதும், வாயசைவு பிசகாது. ஃபிர்மேன் பிசகவில்லை. முதல் காட்சி முடிந்ததும், வேலையை மேற்பார்வையிட்ட ப்ளான்ஷ் கைதட்டினாள். "அப்படியே லம்பேர்!"

அப்படியே லம்பேர்தான். பழக்கடைக்காரன் செய்கிற லம்பேர். நான் என் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாரானேன்.

லம்பேர் எழுந்தார். நேராகப் போய் ஃபிர்மேனுக்கும் திரைக்கும் நடுவே, பட்டையை மறைத்துக்கொண்டு நின்றார். சிலேட்டைத் தூக்கிக் காட்டினார்: "என்னைப் பார்."

"மொஸ்யூ, பட்டையைப் பாக்காம எப்படி? வாய் தப்பிடுமே!" என்று ப்ளான்ஷ் பதறினாள்.

அவர் தன் காதைத் தொட்டுக் காட்டினார். படப்பிடிப்பின்போது அடையாளத்துக்காகப் பதிந்த ஒலி இருந்தது. முக்கால்வாசி காற்று, கால்வாசி அவர் குரல். அதைக் காதில் மாட்டிக் கேட்கும் கருவியில் போட்டு லம்பேருக்குக் கொடுத்தார்கள். விளக்கை அணைத்தார்கள். படம் ஓடியது.

தன் செத்துப்போன குரலைக் காதில் கேட்டபடி லம்பேர் வாயசைத்தார். புருவம், கன்னம், விரல் நுனி எல்லாம் பேசின. ஃபிர்மேன் அந்த முகத்தையே பார்த்துப் பேசினான். முதல் இரண்டு தடவை தப்பியது. அப்புறம் அவன் தாடை தானாக மேலே ஏறியது, குரல் இறங்கியது. பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"மதாம், இவர் எவ்வளவு சின்னதாப் பேசுறார்! நான் இத்தனை வருஷமா கத்திக்கிட்டு இருந்திருக்கேன்."

சொல்லிவிட்டு அழுதான். லம்பேர் அவன் தோளில் தட்டி, மறுபடி ஓட்டச் சொல்லிச் சைகை காட்டினார். நான் கைப்பையைக் கீழே வைத்தேன்.

வேலை முடிந்த அன்று ப்ளான்ஷ் சொன்னாள்: "ஒரே ஒரு வசனம் மட்டும் கால்வாய்ல பதிஞ்சது தப்பிச்சிருக்கு. அந்த நேரம் காத்து இல்ல. அதை அப்படியே விட்டுட்டோம். அது லம்பேரோட சொந்தக் குரல்."

எது என்று கேட்பதற்குள் லம்பேர் அவள் வாயைப் பொத்தினார். சிலேட்டில் எனக்கு எழுதினார்: "கண்டுபிடி."

"இதெல்லாம் ஒரு போட்டியா? கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன்" என்றேன்.

படம் வெளியான அன்று அரங்கில் லம்பேர் எனக்கு ஒரு பக்கமும் ஃபிர்மேன் மறுபக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒவ்வொரு வசனத்தையும் அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி பொறுக்கிக்கொண்டிருந்தேன். படகு கிளம்பும்போது திரையில் அவர், "சரி, போகலாம்" என்றார். நான் லம்பேர் காதில், "பாத்தியா, இங்க ஃபிர்மேன் கொஞ்சம் ஜாஸ்தி பண்ணிட்டான்" என்றேன். அவர் தோள் குலுங்கியது. இருமல் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அந்த இடம் வந்தது. படகின் அறைக்குள் படகோட்டி படுத்திருக்கிறான், மனைவி வெளியிலிருந்து வருகிறாள். அவன், "கதவைச் சாத்து, குளிருது" என்கிறான். வசனம் எழுதியவர் எழுதாத வரி அது, லம்பேர் தானாகச் சேர்த்தது. எங்கள் வீட்டு வரி. சூப் ஆவி வெளியே போகட்டும் என்று நான் சமையலறைக் கதவைத் திறந்து வைப்பேன், அவர் உள்ளேயிருந்து இதைச் சொல்வார். கல்யாணம் ஆன நாளிலிருந்து சொன்னது. அவர் கையைப் பிடித்து அழுத்தினேன்.

வெளியே நடைபாதையில் அவர் சிலேட்டை நீட்டினார்: "எது?"

"இதுகூடத் தெரியாதா? 'கதவைச் சாத்து'ன்னு சொன்னது."

லம்பேர் ஃபிர்மேனைப் பார்த்தார். ஃபிர்மேன் தன் செருப்பைப் பார்த்தான்.

"அது நான், மதாம். கதவு திறந்திருந்துச்சு இல்லையா? காத்து உள்ள வந்து அந்த வரியைக் கெடுத்துடுச்சு."

"அப்ப எது?"

அவனுக்குச் சொல்ல மனமில்லை. லம்பேர்தான் எழுதினார்: "சரி, போகலாம்."

ஜாஸ்தி பண்ணிட்டான் என்று நான் சொன்னது. வீட்டுக்கு நடந்தோம். முப்பது வருஷம் ஒரே படுக்கையில் கேட்ட குரல் எனக்குத் தெரியவில்லையே என்று நெஞ்சு வலித்தது. படியேறும்போது லம்பேர் விளக்கடியில் நின்று எழுதினார்: "அழாதே. உன்னையே ஏமாத்தியாச்சுன்னா, வேலை சுத்தம்." அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. நடிகன், வேறென்ன சொல்வான்?

குளிர்காலம் முடியும் முன்னே லம்பேர் போய்விட்டார். இந்த முறை யாரும் தொலைபேசியில் கேட்கவில்லை, மாமியார் அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார்.

ஃபிர்மேன் அதன்பிறகு மேடையில் லம்பேரைச் செய்யவில்லை. ஜனங்கள் மேசையைத் தட்டிக் கேட்டாலும் மறுத்துவிட்டான். அதனால் விடுதிக்காரன் அவனைப் பாதி நேர வேலைக்கு இறக்கினான். ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில் சாப்பிட வருவான், ஒரு துண்டு பாலாடைக்கட்டி வாங்கிக்கொண்டு. நாங்கள் மழையைப் பற்றியும் விலைவாசியைப் பற்றியும் பேசுவோம். அவன் சொந்தக் குரல் கீச்சென்று இருக்கும்.

ஒரு ஞாயிறு நான் அடுப்புப் பக்கம் திரும்பி வெங்காயத் தாள் நறுக்கிக்கொண்டிருந்தேன். கதவு வழக்கம்போலத் திறந்திருந்தது. காற்று உள்ளே வந்து திரைச்சீலையைத் தூக்கியது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை.

"ஃபிர்மேன், ஒரு தடவை சொல்லு" என்றேன். அதுவரை நான் அவனிடம் 'சொல்லுங்க' என்றுதான் பேசியிருக்கிறேன்.

"மதாம்... வேண்டாம்."

"சொல்லு."

நாற்காலி கிரீச்சிட்டது. அவன் மூச்சை இழுத்து, அதைப் பாதி விடுவது கேட்டது. லம்பேரும் பேசுமுன் அப்படித்தான் விடுவார்.

"கதவைச் சாத்து, யூஜெனி. குளிருது."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. கத்தியை வைத்துவிட்டுப் போய்க் கதவைச் சாத்தினேன்.