செவேரா வாசலைத் தாண்டும் காட்சி

என் வேலை மற்றவர் காதில் பேசுவது. மெக்சிகோவில் தொடர்களில் நடிப்பவர்கள் வசனத்தை மனப்பாடம் செய்வதில்லை, அதற்கு நேரமும் கிடையாது. காதுக்குள் பயறு அளவில் ஒரு கருவி இருக்கும். அரங்கத்துக்குப் பின்னால் கண்ணாடி அறையில் உட்கார்ந்து நான் ஒவ்வொரு வரியாகச் சொல்வேன், அவர்கள் திருப்பிச் சொல்வார்கள். வசனமென்றால் உணர்ச்சியோடு சொல்வேன். ஜன்னல் பக்கம் போங்க, கிளாஸைக் கீழே வைங்க என்பதையெல்லாம் காய்ந்த குரலில் சொல்வேன். என் குரலில் உயிர் இருந்தால் அது வாய்க்கு, இல்லாவிட்டால் உடம்புக்கு. புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் இதில் சறுக்குவார்கள். காதலியின் கையைப் பிடித்துக்கொண்டு "இடது பக்கம் திரும்பி அழு" என்று உருகிச் சொன்ன அழகன் ஒருவன் இன்று பெரிய நட்சத்திரம். அவனை எங்கே பார்த்தாலும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

லியோனிலா ஒருநாளும் சறுக்கியதில்லை. 'அல்கராஸ் மாளிகை' தொடரில் அவர்தான் செவேரா, அந்த வீட்டின் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு எல்லோரையும் ஆட்டிவைக்கிற பெரியவள். தொடர் ஆரம்பித்தபோது என் மகள் கைக்குழந்தை. இப்போது அவளுக்கே வரன் வந்துவிட்டது, தொடர் மட்டும் முடியவில்லை.

ஆரம்ப வருடங்களில் அது நல்ல தொடர். நான் வேலை செய்கிற இடம் என்பதற்காகச் சொல்லவில்லை. எழுதிய உபால்தோவுக்கு அதன் முடிவு தெரியும். செவேரா சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வாசலைத் தாண்டிப் போவாள், அவ்வளவுதான். ஒவ்வொரு காட்சியும் அந்த வாசலை நோக்கி ஓரடி நகரும். ஒளிபரப்பு நேரத்தில் தெருவில் ஈ காக்காய் இருக்காது. அதுதான் வினையாகப் போயிற்று. விளம்பரம் கொட்டியதும் எங்கள் தயாரிப்பாளர் பர்ரகான், பட்டம் படித்தவர் என்பதால் எல்லோரும் மரியாதையாக 'லிக்' என்று கூப்பிடுகிற அந்த மனிதர், வாசலை ஒரு வருடம் தள்ளி வைத்தார். பிறகு இன்னொரு வருடம். உபால்தோ சண்டை போட்டுவிட்டுப் போய்விட்டார். அதற்கப்புறம் இரட்டைச் சகோதரி வந்தாள், தீயில் செத்தவன் வேறு முகத்தோடு வந்தான், குருடிக்குக் கண் வந்து, போய், மறுபடியும் வந்தது. இந்த வீட்டில் யாரும் சாவதில்லை, சம்பளம் பேசப் போய்விட்டுத் திரும்பி வருகிறார்கள் என்று விளக்குப் பையன்கள் கேலி பேசினார்கள். போக வேண்டிய இடம் தெரியாத கதை வேறு என்ன செய்யும்? அதே வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வரும்.

ஒவ்வொரு வருடமும் புது சீசனுக்கு முன்னால், நடைக்கூடத்து மாதா படத்தின் கீழே பாதிரியார் பூசை வைத்து, கிளாப் பலகைமேல் புனித நீர் தெளிப்பார். தொடர் முடிந்தால் நன்றிப் பூசை என்று ஒன்று உண்டு. அதை நாங்கள் பார்த்ததே இல்லை.

லியோனிலாவுக்கு மறதி வந்ததை முதலில் கண்டுகொண்டது நான்தான். பல வருடமாக அவருக்கு ஒப்பனை செய்கிற பெண்ணைக் காட்டி, யார் இந்தப் பொண்ணு என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். அன்றிலிருந்து படப்பிடிப்பு நின்ற பிறகும் நான் மைக்கை அணைக்கவில்லை. கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே, எதிரே வருகிறவர் பெயர் இன்னது, மனைவிக்கு உடம்பு சரியில்லை, விசாரியுங்கள் என்று நடைக்கூடமெங்கும் அவர் காதிலேயே இருந்தேன். அவரும் ராணி மாதிரி நின்று நிதானமாக விசாரிப்பார். லியோனிலா யாரையும் மறப்பதே இல்லை என்று எல்லோரும் மெச்சினார்கள்.

நல்ல தெளிவாக இருந்த ஒருநாள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இமெல்டா, எனக்கு முடியாமப் போயிட்டா நீதான் என்னை வெளிய கூட்டிட்டுப் போகணும். இவங்க விடமாட்டாங்க கண்ணு. செத்தாக்கூட திரும்பக் கொண்டாந்துடுவாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் சத்தியம் செய்து கொடுத்தேன். பாட்ஸ்குவாரோவில் ஏரியைப் பார்த்தபடி அவருடைய அண்ணன் மகள் ஆசுசேனா வீடு இருக்கிறது. அத்தைக்கென்று ஒரு அறையும் ஒழித்து வைத்துவிட்டாள். ஆனால் தொடர் ஓடும்வரை நடிப்பேன் என்று லியோனிலா ஆரம்பத்திலேயே பெருமையாகக் கையெழுத்துப் போட்டிருந்தார். நல்லவேளை, பார்க்க ஆளில்லாமல் இந்த சீசனோடு முடிக்கச் சொல்லி சேனல் முடிவு செய்தது. இன்னும் சில மாதம் தாக்குப்பிடித்தால் போதும் என்று நானும் ஆசுசேனாவும் போனில் பேசிக்கொண்டோம்.

அதைக் கெடுத்தது என் வாய். ஒரு காலை, காபி நேரத்தில் லிக் பர்ரகான் கையில் இனிப்பு ரொட்டியோடு லியோனிலாவிடம் வந்து, போன வாரம் விருந்தில் என்ன பேசினோம், ஞாபகம் இருக்கிறதா என்று ஏதோ கேட்டார். எந்த விருந்து என்று எனக்கும் தெரியாது. பதறிப்போய், நல்லா இருக்கேன்னு சொல்லிட்டு கிளம்புங்க என்றேன். காய்ந்த குரலில் சொல்ல வேண்டியதை பயத்தோடு சொல்லிவிட்டேன்.

லியோனிலா அழகாகப் புன்னகைத்தார். "நல்லா இருக்கேன்னு சொல்லிட்டு கிளம்புங்க" என்றார் அவரிடமே.

பர்ரகான் சிரிக்கவில்லை. லியோனிலாவின் காதைப் பார்த்தார். பிறகு தலையை மெல்லத் திருப்பி என் கண்ணாடி அறையைப் பார்த்தார்.

கத்துவார் என்று காத்திருந்தேன். மனிதர் எனக்குச் சூடாக ஒரு டம்ளர் மக்காச்சோளக் கஞ்சி வாங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எத்தனை நாளாக இப்படி என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நான் செய்தது புண்ணியம் என்றார். பதினாறு பேர் முன்னால் என்னைத் திட்டியிருக்கிற மனிதர் அவ்வளவு இதமாகப் பேசியபோது நான் கஞ்சியைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் வந்த வசனத்தாளில் செவேராவுக்கு மறதி நோய். நடுநடுவே ஒரு புதுக் குறிப்பு: இந்த இடத்தில் காதுக்குரல் நிற்கட்டும்.

"நீ அங்க பேசாதே. கொஞ்ச நேரம் சும்மா இரு, அது போதும்" என்றார் பர்ரகான். "எனக்கு அந்த முகம் வேணும்."

"அது நடிப்பில்ல லிக். அவங்க நெஜமாவே பயந்து போறாங்க."

"தெரியும். உனக்குக் கஷ்டமா இருந்தா சொல்லு, வேற ஆளை உட்கார வைக்கிறேன்."

வேற்றுக்குரல் ஒன்று அவர் காதுக்குள் போவதை நினைத்துப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

என் குரல் நின்றதும் லியோனிலா தண்ணீருக்குள் கால் தரை தட்டாதவர் போல ஆகிவிடுவார். கண் ஒவ்வொரு பொருளாகத் தேடும். கேமரா அதை அருகே போய் அள்ளிக்கொள்ளும். தொடர் மறுபடியும் நன்றாகிவிட்டது. வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன், உண்மையிலேயே நன்றாக இருந்தது, உபால்தோ எழுதிய காலத்தைவிடவும் நன்றாக. பழைய உயிர் திரும்பிவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. ஸ்டுடியோ வாசலில் கூடையில் டாக்கோ விற்கிறவர், நேற்று பார்த்துவிட்டு அழுதேன் என்று எனக்குக் கூடுதலாக ஒன்று வைத்துக் கொடுத்தார். அதை என்னால் விழுங்க முடியவில்லை. தெருக்கள் மறுபடியும் காலியாயின, சேனல் முதலாளிகள் அரங்கத்துப் பக்கம் எட்டிப்பார்க்க ஆரம்பித்தார்கள். அவர்கள் சிரித்த முகத்தோடு வரும்போதெல்லாம், தொடரை முடிக்கவே மாட்டார்களோ என்று எனக்குத் தோன்றும்.

இருந்தாலும் கடைசிக் காட்சி என்று ஒன்று எழுதியாகிவிட்டது. அதே பழைய காட்சி. சாவியை வைத்துவிட்டு வாசலைத் தாண்ட வேண்டும். முடிவை மாற்றுவதா என்று முதலாளிகள் நேரில் பார்த்துச் சொல்லப்போகிறார்கள் என்று காற்றுவாக்கில் கேள்விப்பட்டேன். அரங்கத்து வாசலுக்கு அந்தப் பக்கம், கேபிள் சுருள்களுக்கு நடுவே, ஆசுசேனா கம்பளிச் சால்வையோடு நின்றாள். காரில் அத்தையின் பெட்டியை ஏற்றிவிட்டிருந்தாள். லியோனிலா அந்தக் கதவைத் தாண்டினால் நேராக அவள் கைக்குள்தான் போவார்.

"சாவியை வெச்சதும் நீ நிறுத்திடு" என்றார் பர்ரகான். "நான் கை காட்டினப்புறம் வாசலுக்கு அனுப்பு."

லியோனிலா சாவிக்கொத்தை மேசையில் வைத்தார். நான் நிறுத்தினேன்.

அவர் விளக்கைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார், தன் கைகளைப் பார்த்தார். கேமரா நெருங்கியது. முதலாளிகள் மூச்சுவிடவில்லை. பர்ரகான் கை காட்டவே இல்லை. லியோனிலா காதைத் தொட்டுப் பார்த்தார், மறுபடி தொட்டார். வாசல் பக்கம் நடங்க என்று நான் காய்ந்த குரலில் சொன்னால் முடிந்தது. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போது அவர் உதடு சத்தமில்லாமல் அசைந்தது. இமெல்டா என்றார். வாரக்கணக்கில் என் பெயர் அவர் வாயில் வந்ததில்லை.

"பயப்படாதீங்கம்மா. நான் எங்கயும் போகமாட்டேன்" என்று அழுதுகொண்டே சொன்னேன்.

அவர் முகம் தெளிந்தது. அந்தப் பெரிய நடிகை, வெளிச்சம் எங்கே விழுகிறதென்று உடம்புக்குத் தெரிந்தவர், கேமரா பக்கம் திரும்பினார்.

"பயப்படாதீங்க" என்றார். "நான் எங்கயும் போகமாட்டேன்."

சாவிக்கொத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, செவேராவின் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

கைதட்டல் வெடித்தது. முதலாளிகள் எழுந்து நின்றார்கள். எழுந்திருங்க, வாசல் பக்கம் நடங்க, நடங்க என்று நான் மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒலிப்பதிவாளர் என் இணைப்பை அணைத்துவிட்டிருந்தார்.

அறையை விட்டு ஓடினேன். அது வசனமில்லை, அவருக்கு நான் சொன்ன ஆறுதல், திரும்ப எடுங்கள் என்று பர்ரகானின் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அழுகை நிஜம்தான்.

"தெரியும் இமெல்டா" என்றார். "அதனாலதான் திரும்ப எடுக்கமாட்டேன்."

முடிக்கிற பேச்சை விட்டுவிட்டு சேனல் தொடரை நீட்டியது. ஆசுசேனா வக்கீலிடம் போனாள். தொடர் ஓடும்வரை என்பதில் வக்கீலாலும் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. பெட்டியை இறக்காமலே ஊருக்குத் திரும்பிப் போனாள். பெருஞ்சாலையில் கட்டடம் உயரத்துக்கு லியோனிலாவின் முகம் இருக்கிறது. கீழே நான் சொன்ன வார்த்தைகள் தங்க எழுத்தில்.

திங்கட்கிழமை புது சீசன் பூசைக்குப் பாதிரியார் வந்தார். மாதா படத்துக்குக் கீழே எல்லோரும் கூடினோம். என்னிடம் இப்போது நடைக்கூடத்துக்கென்றே ஒரு சின்ன மைக் கொடுத்திருக்கிறார்கள். கிளாப் பலகைமேல் தெளித்த நீர் லியோனிலாவின் கன்னத்தில் பட்டது.

"யாரோட கல்யாணம் இது?" என்று கேட்டார்.

நான் குரலைக் காயவைத்துக்கொண்டு, கும்பிடுங்க என்றேன். கும்பிட்டார்.