செயலாளரின் தந்தை

ஒரு கன்னத்தை மழித்து முடித்து, மறு கன்னத்தில் ரேசரை வைக்கப் போகும்போது அப்பா கேட்டார்.

"வித்துட்டீங்களா?"

மகள் ரேசரைத் தண்ணீரில் அலசினாள். அதை அப்போதுதான் அலசியிருந்தாள்.

"இல்லப்பா."

"மணி அஞ்சு தாண்டிடுச்சுல்ல? இனிமே விக்க முடியாதுல்ல?"

"முடியாது. ஆடாதீங்க, வெட்டிடும்."

கட்டெறும்பை விற்று ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. கால்பந்து வீரர்களை வாங்கவும் விற்கவும் அந்தப் பருவத்தில் அன்றுதான் கடைசி நாள். மதியம் இதே வீட்டு வாசலில், காரின் முன்பக்கத்தில் தாளை விரித்து வைத்து, கிளப்பின் செயலாளர் என்ற இடத்தில் அவள்தான் கையெழுத்துப் போட்டாள். மூன்று மணிக்கெல்லாம் அவனைக் காரில் ஏற்றி அனுப்பியாகிவிட்டது.

அப்பா முப்பத்தொரு வருஷம் அந்தக் கிளப்பின் பேருந்தை ஓட்டியவர். வெளியூரில் ஜெயித்துவிட்டுத் திரும்பினால் ஊர் எல்லையிலிருந்து மைதானம் வரைக்கும் ஹாரனிலிருந்து கையை எடுக்க மாட்டார். தோற்றால் சத்தமே இருக்காது. ஆட்டத்துக்குப் போகாதவர்கள் அடுப்படியில் இருந்தபடியே முடிவைத் தெரிந்துகொண்டார்கள். அதனால் அவர் பெயரே ஹாரன் என்றாகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலிலும் மருந்துச் சீட்டிலும் மட்டும்தான் இருந்தது. கட்டெறும்புக்கு அந்தப் பெயரை வைத்தவரும் அவர்தான். ஆள் குள்ளம், ஆனால் தன்னைவிட இரண்டு மடங்கு இருக்கிறவனையும் முட்டி நகர்த்திவிட்டுப் பந்தோடு போய்விடுவான்.

அவனுடைய ஒப்பந்தம் முடிய ஐந்து மாதம்தான் இருந்தது. புதுப்பிக்கக் கிளப்புக்கு வக்கில்லை. விற்றால் இப்போது காசு வரும். விற்காவிட்டால் ஐந்து மாதம் கழித்துச் சும்மா கிளம்பிப் போவான். ஆனால் அதுவரை அவன் இருந்தால்தான் முதல் பிரிவிலிருந்து கீழே இறங்காமல் தப்பிப் பிழைக்க முடியும். மைதானம் பெருக்குகிறவர்களிலிருந்து பயிற்சியாளர் வரை மூன்று மாதமாக யாருக்கும் சம்பளம் கொடுக்கவில்லை. நிர்வாகக் குழுவில் ஐந்து பேர். இரண்டு பேர் விற்றுவிடலாம் என்றார்கள், இரண்டு பேர் கூடவே கூடாது என்றார்கள். விலைபோகப் போகிறவன் கட்டெறும்பு என்றாலும், இருதலைக் கொள்ளி எறும்பாகத் தவித்தது ஐந்தாவது ஆளான அவள்தான்.

போன வாரம் அப்பாவிடம் யோசனை கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டாள்.

"நம்ம கிளப்பையே கழுதை தேஞ்சு கட்டெறும்பான கதைன்னுதான் சொல்றாங்க. இப்ப அந்தக் கட்டெறும்பையும் வித்துட்டா அப்புறம் என்னம்மா இருக்கு?" என்று சொல்லிவிட்டுத் தன் ஜோக்குக்குத் தானே சிரித்து, சிரிப்பு இருமலாகி, அது அடங்கப் பத்து நிமிஷம் ஆனது. நுரையீரலில் நீர். ஆஸ்பத்திரியில் இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

"சும்மா போயிடுவான்ப்பா. அஞ்சே மாசம்."

"அஞ்சு மாசத்துக்கு அவன்கிட்ட டிக்கெட் இருக்கில்ல? அவன் ஸ்டாப் வர்றதுக்கு முன்னாடி நடுரோட்டுல இறக்கி விட்டுடுவியா? நான் ஒருத்தனைக்கூட அப்படி இறக்கி விட்டதில்ல."

கட்டெறும்பும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னான். "சீசன் முடியிற வரைக்கும் ஆடிட்டுப் போறேங்க்கா. டீமைக் கீழ இறக்கிட்டுப் போனான்னு பேரு வேண்டாம்." அவள் இருவர் பேச்சையும் கேட்டாள். பிறகு, மூன்று மாதமாக வீட்டு வாடகை கொடுக்க முடியாத, கிளப்பில் துணி துவைக்கிற அம்மாவின் முகத்தையும் பார்த்தாள். கையெழுத்துப் போட்டாள். அது தப்பு என்று இப்போதுகூட அவளால் நினைக்க முடியவில்லை. சரி என்றும் நினைக்க முடியவில்லை.

"அப்பன்னா அவனை நாளைக்கு வரச் சொல்லு" என்றார் அப்பா, நுரைக்குள்ளிருந்து.

ரேசர் நின்றது.

"யாரைப்பா?"

"கட்டெறும்பைத்தான். பாத்து ஒரு மாசம் ஆச்சு. பிராக்டிஸ் முடிச்சுட்டு அப்படியே வரட்டும். நீ நல்லா ஒட்ட மழிச்சு விடு. சீக்காளி மாதிரி இருந்தா பயந்துக்குவான்."

அவள் நன்றாக ஒட்ட மழித்துவிட்டாள்.

மறுநாள் வியாழக்கிழமை. காலையிலேயே அப்பா சாய்ந்து உட்கார இரண்டு தலையணை கேட்டார். வெளுத்த சட்டையாகப் பார்த்துப் போடச் சொன்னார். பதினொரு மணிக்கு அத்தை வலி மாத்திரையோடு வந்தபோது வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

"வேண்டாம். அதைப் போட்டா தூங்கிடுவேன். அவன் வந்து பாத்துட்டு, சரி தூங்கட்டும்னு போயிடுவான்."

"வலிக்குமே அண்ணே."

"வலிச்சா வலிச்சுட்டுப் போகட்டும். அவன் போனப்புறம் குடு."

அத்தை அப்பாவின் தங்கை. அண்ணனைப் பார்த்துக்கொள்ளவென்றே வந்து ஆறு மாதமாகத் தங்கியிருப்பவள். மாத்திரையை அப்படியே கையில் பொத்திக்கொண்டு அடுக்களைக்கு வந்தாள். பின்னாலேயே வந்த அண்ணன் மகளிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டு பாய்ந்தாள்.

"பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்டி. நேத்து விக்கலன்னு சொன்னே. இன்னைக்கு அவன் எங்கடின்னு கேட்டா என்ன சொல்லப் போறே?"

"பிராக்டிஸ் லேட்டுன்னு சொல்றேன்."

"அப்புறம்?"

"தெரியல அத்தே."

"போய்ச் சொல்லிடு. ஒரு நிமிஷம் திட்டுவாரு. அப்புறம் மாத்திரையப் போட்டுட்டுத் தூங்குவாரு. ஊருக்கே தெரிஞ்ச விஷயத்தை அண்ணன்கிட்ட மட்டும் மறைக்கிறே. பூசணிக்காய்க்குப் போட சோறாவது இருக்கா உன்கிட்ட?"

அவள் இரண்டு முறை சொல்லத்தான் போனாள். முதல் முறை அப்பா சீப்பு கேட்டார். இரண்டாவது முறை, கதவு திறந்த சத்தத்துக்கு அவர் முகம் மலர்ந்து, வந்தது அவள்தான் என்று தெரிந்ததும் மரியாதைக்காகச் சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டார். போர்வையைச் சரி செய்துவிட்டு வந்துவிட்டாள்.

மாலை ஐந்தரைக்கு அவள் போன் அடித்தது. கட்டெறும்பு. அப்பாவின் அறைக்குள் நின்றிருந்தவள் கூடத்துக்கு ஓடினாள். எடுத்தால் அவன் முதலில் கேட்பது என்னவென்று அவளுக்குத் தெரியும்: டிரைவரய்யா எப்படி இருக்காரு, ஒரு தடவை அவர் காதுல வைங்கக்கா. வைத்தால் அவன் உண்மையைச் சொல்லிவிடுவான். மைதானத்தில் எத்தனை பேரை ஏமாற்றினாலும் வாயால் ஒருத்தரை ஏமாற்றத் தெரியாதவன். அடித்து நின்றது. மறுபடியும் அடித்தது. அவள் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"யாரும்மா, அவனா?" உள்ளேயிருந்து அப்பா.

"இல்லப்பா. கேபிள்காரர்."

தொலைக்காட்சியில் செய்தி பார்த்துவிடக் கூடாது என்று இரண்டு நாளாகக் கேபிள் வரவில்லை என்று சொல்லி வைத்திருந்தாள்.

"நாளைக்கு வந்துடுவான்ல?"

"வந்துடுவான்."

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு அப்பா இறந்துபோனார். மாத்திரை போடவே இல்லை. கடைசி ஒரு மணி நேரம் போர்வையின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். மூச்சு நின்ற பிறகும் அந்தத் துணியை விடுவிக்க அத்தையும் அவளும் சேர்ந்து ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அழுகை வருமென்று நினைத்தாள். வரவில்லை. தான் ஒரு மனிதரை இரண்டு நாள் வலியில் உட்கார வைத்திருந்தோம் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

சனிக்கிழமை காலையில் எல்லாம் முடிந்தது. பழைய ரசிகர்கள் நிறையப் பேர் வந்தார்கள். அவளிடம் பேசவில்லை, அத்தையிடம் பேசிவிட்டுப் போனார்கள். அன்று நாலு மணிக்கு ஆட்டம். கட்டெறும்பு இல்லாத டீமைப் பார்க்க மனமில்லை என்று அவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டது அவள் காதில் விழுந்தது.

கிளப்பின் தலைவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆட்டத்துக்கு முன்னாடி அப்பாவுக்கு ஒரு நிமிஷ மௌனம் வெச்சிருக்கோம். நீங்க அவசியம் வரணும்" என்றார்.

"போ" என்றாள் அத்தை. "முப்பத்தொரு வருஷம் ஓட்டியிருக்காரு. ஒரு நிமிஷம் குடுக்கறாங்க. போய் வாங்கிட்டு வா."

மைக்கில் பேசுகிறவர் இரண்டு வருஷத்துக்கு முன்தான் வந்தவர். அவளுக்கு மரியாதை செய்ய வேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடு பக்கத்தில் வந்து, அறிவிப்பில் என்ன சொல்லட்டும் என்று பணிவாகக் கேட்டார். "நீங்களே பாத்துச் சொல்லிடுங்க சார்" என்றாள். வேறெதையும் யோசிக்கிற நிலையில் அவள் இல்லை.

இரண்டு அணியும் வரிசையாக நின்றன. ஒலிபெருக்கி கரகரத்தது.

"நமது கிளப்பின் மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களின் தந்தை..." என்று தொடங்கி, அப்பாவின் முழுப் பெயரைச் சொன்னார். மருந்துச் சீட்டில் இருந்த பெயர். அந்த மைதானத்தில் யாருக்கும் தெரியாத பெயர்.

செயலாளர் என்ற சொல்லுக்கே மேற்கு வரிசையில் சலசலப்பு தொடங்கிவிட்டது. மௌனம் என்று அறிவித்த மறு நொடி ஒருவன் ஊ என்றான். பிறகு பத்துப் பேர். பிறகு அந்தப் பக்கம் முழுவதும். "வித்தவளே வெளிய போ!" என்று ஒரு குரல் எழுந்து, கைத்தட்டலோடு சேர்ந்து பாட்டாகவே ஆகிவிட்டது. காலி தண்ணீர் பாட்டில் ஒன்று எல்லைக் கோட்டுக்கு அருகில் வந்து விழுந்தது.

அந்த வரிசையில் இருந்தவர்களில் பாதிப் பேர் சின்ன வயதில் அப்பாவின் பேருந்துக்குப் பின்னால் ஓடியவர்கள். செத்துப்போனது ஹாரன் என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஊசி விழுந்தாலும் கேட்டிருக்கும். மைக் இருந்த மேசை அவளிடமிருந்து முப்பது அடிகூட இல்லை. போய்ச் சொல்லலாம். சொன்னால், ஹாரனின் மகளா விற்றாள் என்று கேட்பார்கள். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள்.

நடுவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் குனிந்து தன் காலணியைப் பார்த்தார். இருபது நொடிகூட ஆகியிருக்காது. நடுவர் விசில் ஊதினார். வீரர்கள் அவசரமாகக் கலைந்தார்கள். பந்து உருண்டது.

அந்தக் கோடியில், எதிரணியின் கோல்கீப்பருக்கு மட்டும் இரைச்சலில் விசில் கேட்கவில்லை. அவன் கைகளைப் பின்னால் கட்டி, தலை குனிந்து இன்னும் அப்படியே நின்றுகொண்டிருந்தான்.