அச்சியோத்தே சிவப்பு

அக்டோபர் 30, மெரிதா

நேற்றைய குறிப்பில் ஒரு தவறு. "நெல்சி அக்காவின் உள்ளங்கைகள் சிவந்திருக்கின்றன, மசாலாக் கறை" என்று எழுதியிருந்தேன். சரியாகப் பார்க்காமலே காரணத்தை எழுதிவிட்டேன். இறந்தவர்களுக்குப் படைக்கும் வாரம் இது. மாவுக்குள் கோழி வைத்து, வாழையிலையில் சுற்றி, மண்குழியில் சுடும் பிப்தான் முக்கியப் படையல். அதன் மசாலாவுக்குச் சிவப்பு நிறம் தரும் அச்சியோத்தே விதை அரைக்காத வீடு எங்கள் தெருவில் இல்லை. எல்லார் கையும் சிவப்புதான்.

அக்காவுக்கு என் எலும்பு மஜ்ஜையை ஏற்றியது ஆகஸ்டில். என் அணுக்கள் அவள் உடம்பை அந்நியமென்று தாக்கக்கூடும், பெரும்பாலும் முதலில் தோலில்தான் தெரியும், உள்ளங்கை, பாதம், காது எல்லாவற்றையும் தினமும் பாருங்கள் என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். மாலை வகுப்பில் செவிலிய உதவியாளர் படிப்புப் படிப்பவன் என்பதால் அந்தப் பொறுப்பு என்னுடையது. நான் அதற்குத் தகுதியானவனா என்று தெரியவில்லை.

இன்று வகுப்பிலிருந்து வந்தபோது அக்கா கைகளைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்திருந்தாள். அச்சியோத்தேக் கறை எண்ணெயில் கரையும். பஞ்சில் சமையல் எண்ணெய் தொட்டு மெதுவாகத் துடைத்தேன். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

"செருப்பைக் கழட்டுக்கா."

"கால்ல ஒண்ணுமில்லடா."

பாதங்களும் சிவந்திருந்தன. காதுக்குப் பின்னால் சிறு தடிப்புகள்.

"மசாலாவைக் காலாலயா அரைச்சே?"

சிரித்தாள். "உன் மஜ்ஜைதானே! சின்ன வயசுல கிள்ளுனது போதாதுன்னு இப்ப உள்ள இருந்து வேறயா?"

"எரியுதா?"

"நேத்துல இருந்து. சொன்னா திரும்பப் படுக்க வெச்சுடுவாங்க. நாளன்னைக்கு அம்மாவுக்குப் படையல் மேசை போடணும். குழியில பிப் யாரு சுடுவா, நீயா? போன வருஷம் மாவு, கோழி எல்லாத்தையும் கரியாக்கினவன்தானே!"

"அம்மா வருஷா வருஷம் வருவாங்க. நீ மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கணும்ல?"

கைகளைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "வாழையிலையை ரெண்டு சுத்து சுத்து. அப்பத்தான் கருகாது" என்றாள்.

மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொன்னேன். காலையில் முதல் ஆளாகக் கூட்டிவரச் சொன்னார்கள்; தோலில் எதுவும் தடவ வேண்டாம் என்றார்கள். எண்ணெய் தொட்டதையும் சொல்லிவிட்டேன். வெறும் தண்ணீரில் கழுவினால் போதுமாம்.

நாளை: விடிந்ததும் வாடகைக் காரில் அக்காவை அழைத்துப்போக வேண்டும். மாற்றுடை, மாத்திரைப் பை எடுத்துவைக்க வேண்டும். திரும்பி வந்து பிப்புக்குக் குழி தோண்ட வேண்டும்.