பதினெட்டாம் எதிரி நான்தான்

தீனதயாளன் வனக்காவலர் வேலைக்குத் தேர்வான சேதி வந்ததும், தியாகதுருகத்தில் அவன் சிநேகிதர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால், எண்பத்தேழில், இட ஒதுக்கீடு கேட்டு நடந்த மறியலில் புளியமரத்தை வெட்டி ரோட்டில் போட்ட வழக்கில் அவன் பதினெட்டாம் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களில் பதினெட்டாவது ஆள். மரம் வெட்டியவன் கையிலா காட்டைக் கொடுப்பார்கள்!

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. போலீஸ் விசாரணையில் 'வழக்கு நிலுவையில் உள்ளது' என்று எழுதிவிட்டதால் வேலை உத்தரவு நின்றுபோயிருந்தது. கோர்ட் வாசலில் டைப் அடிப்பவர், "குத்தத்த ஒத்துக்கினு அபராதம் கட்டிடு. ஒரே நாள்ல முடிஞ்சிடும்" என்றார். அவனும் அதற்குத் துணிந்துவிட்டான்.

கள்ளக்குறிச்சியில் புதிதாகத் தொழில் தொடங்கியிருந்த வக்கீல் செந்தமிழ்ச்செல்விதான் தடுத்தார்.

"ஒத்துக்கினா அது தண்டனை தம்பி. ஆயுசுக்கும் கூடவே வரும். இந்தக் கேச வாபஸ் வாங்கப் போறதா பேச்சு இருக்குது, பொறுங்க."

அப்படியே நடந்தது. இரண்டு மாதத்தில் அரசு வக்கீல் மனுப் போட, மாஜிஸ்திரேட் அனுமதி கொடுத்து முப்பத்தொரு பேரையும் விடுதலை செய்தார். உத்தரவு நகலோடு தீனதயாளன் வன அலுவலகத்துக்கு ஓடினான்.

அங்கிருந்த கிளார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "இதுல தயாளன், வயசு முப்பத்திரண்டுன்னு இருக்குது. நீ தீனதயாளன், இருபத்திநாலு. இது வேற யாரோ."

பிடிபட்ட அன்று பயத்தில் பாதிப் பெயரையும் வாய்க்கு வந்த வயதையும் சொன்னது அவனேதான். இத்தனை நாள் அந்த வழக்கிலிருந்து விடுபடத் தவித்தவன், இப்போது அந்த எதிரி நான்தான் என்று நிரூபிக்க அலைந்தான்.

"பேரத் திருத்தச் சொல்லி மனுப் போட்றேன்" என்றார் வக்கீல். "ஆனா ரெண்டும் ஒரே ஆளுன்னு சொல்ல, உங்களப் புடிச்சவரே வரணும்."

பிடித்த ஏட்டு ஆதிமூலம் ஓய்வுபெற்று கருணாபுரத்தில் இருந்தார். தீனதயாளன் தயங்கித் தயங்கிப் போய் நின்றான். அவர் ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார்.

"டேய், நீயா? உன்ன மறப்பனா!"

மறுவாரம் கூண்டில் ஏறியும் அதே உற்சாகத்தோடு சொன்னார்: "இவனேதாங்க ஐயா. வெட்டிப் போட்ட மரத்து மேல ஏறி நின்னு கத்திக்கினு இருந்தான். நாங்க வர்றதப் பாத்து எல்லாரும் ஓடிட்டாங்க. இவனுக்கு எறங்கத் தெரியல. 'அண்ணே, கொஞ்சம் புடிங்க'ன்னு எங்கிட்டயே கைய நீட்டினான். புடிச்சேன். அப்புறம் வுடல!"

கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்திரேட் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, தீனதயாளனைப் பார்த்தார். "உண்மையா?"

"உண்மைங்க ஐயா. அவர் மேல போலீஸ் சட்டை இருந்தத நான் பாக்கல."

'தயாளன் என்கிற தீனதயாளன்' என்று உத்தரவு திருத்தப்பட்டது. வெளியே வந்ததும் அவன் ஆதிமூலத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டான். அவர் கூச்சத்தில் நெளிந்தார்.

அடுத்த திங்கட்கிழமை, வேலையில் சேர வெள்ளிமலை பஸ் ஏறினான். கூட்டத்தில் உட்கார இடமில்லை. கல்வராயன் மலையின் வளைவுகளில் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆளிடமெல்லாம், "வேலைக்குப் போறேங்க" என்று சொல்லிக்கொண்டே போனான்.