பெருக்கல் குறியின் நான்கு முனைகள்

அண்ணனுக்குக் கறை என்றாலே ஆகாது. தெருமுனையில் சலவைக் கடை வைத்திருக்கிறான். சட்டைப் பையில் பேனா கசிந்தால் எல்லோரும் அவனிடம்தான் ஓடுவார்கள். அஞ்சல்தலைக் கண்காட்சிக்கு முதல் நாள், என் மேசையில் இருந்த பழைய தபால் உறை அவன் கண்ணில் பட்டது. அதிலிருந்த ஸ்டாம்பின் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஓடிய மைக்கோடுகளைப் பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுத்துவிட்டான்.

"பாரு, புதுசாக்கிட்டேன். எவனோ கிறுக்கி வச்சிருந்தான்."

"அண்ணா, நான் காட்சிக்கு வைக்கப் போறதே அந்தக் கிறுக்கலத்தான்."

"கிறுக்கலுக்கா கண்ணாடிச் சட்டம்? இதுக்கா கெமிஸ்ட்ரி படிச்ச?" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்து உறையை மெல்ல மேசையில் வைத்தான்.

அந்தக் காலத்தில் ஒரே ஸ்டாம்பை ரசீதிலும் ஒட்டுவார்கள், தபாலிலும் ஒட்டுவார்கள். ரசீதில், பணம் வாங்கியவர் ஸ்டாம்பின் குறுக்கே கையெழுத்துப் போடுவார். நிதானமான எழுத்து. தபாலில் முத்திரை குத்துவதுதான் வழக்கம். முத்திரைக் கட்டை வந்து சேராத சின்ன அஞ்சல் நிலையங்களில் எழுத்தர் பேனாவாலேயே ஒரு பெருக்கல் குறி போட்டுத் தள்ளுவார். முன்னால் குவியல் கிடக்கும். அதனால் அது அவசரக் கோடு, முடிகிற இடத்தில் மெலிந்து வால் விடும். எங்கள் அஞ்சல்தலைச் சங்கத்தில் யாரும் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. பேனா பட்டதா, ரசீது ஸ்டாம்ப், குப்பை. அவ்வளவுதான்.

அப்படி ஒதுக்கியவற்றைத்தான் நான் சேர்த்திருந்தேன். ஆனால் எல்லாமே காகிதத்திலிருந்து உரித்தவை. தபாலில் போனவை என்பதற்குச் சாட்சி இந்த ஒரு உறைதான். முகவரி உண்டு, பின்பக்கம் போய்ச் சேர்ந்த ஊரின் முத்திரை உண்டு, பெருக்கல் குறியின் நான்கு முனைகளும் ஸ்டாம்பைத் தாண்டி உறைக்கு ஓடியிருந்தன.

இப்போது முனைகள் மட்டும் உறையில் நின்றன. நடுவில் பளிச்சென்று ஒரு ஸ்டாம்ப். பழையதை உரித்துவிட்டு வேறொன்றை ஒட்டியிருக்கிறாள் என்றுதான் எவரும் சொல்வார்கள்.

நான் டார்ச்சை எடுத்துப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தேன். வெகுநேரம் பார்த்தேன். பிறகு உறைக்கான குறிப்பை மாற்றி எழுதினேன்: 'ஸ்டாம்பின் மேலிருந்த மை அண்மையில் நீக்கப்பட்டது.'

மறுநாள் அரங்கில் சங்கச் செயலாளர் அதைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"இத எடுத்துடும்மா. நடுவரம்மா பொல்லாதவங்க. ஒண்ணு போலின்னு பட்டா மொத்தத்தையும் தள்ளிடுவாங்க."

"இத எடுத்தா மீதி எல்லாம் ரசீதுத் துண்டுன்னு ஆயிடும் சார். இது இருக்கட்டும்."

"என்ன சொன்ன? காதுல விழல."

என் குரல் எப்போதும் அப்படித்தான். இன்னொரு முறை சொன்னேன்.

நடுவர் வந்தார். கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கியது. உறைக்கு முன்னால் நின்றதும் உதட்டைப் பிதுக்கினார்.

"ஸ்டாம்ப மாத்தி ஒட்டியிருக்கு."

"இல்லைங்க மேடம். மைய மட்டும்தான் எடுத்திருக்கு."

"எழுதி வச்சா நிஜமாயிடுமா?"

செயலாளரிடம் சட்டத்தைத் திறக்கச் சொன்னேன். டார்ச்சைப் பிடித்தேன். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்தேன்.

"மை போயிடுச்சு, நிப்பு அழுத்தின பள்ளம் போகல மேடம். உறையில இருக்கிற இந்த முனையிலேர்ந்து பாருங்க. அதே பள்ளம் ஸ்டாம்புக்குள்ள ஏறுது. ஓரத்துப் பல்லுல தடுக்கித் தாவியிருக்கு. அந்தப் பக்கம் இறங்கி அடுத்த முனையில சேருது. வேற ஸ்டாம்பா இருந்தா இது பொருந்தாது."

அவர் குனிந்தார். நிமிரவே இல்லை.

"யாரு எடுத்தது?" குனிந்தபடியே கேட்டார்.

"நான்தாங்க." அண்ணன் எனக்குப் பின்னால் நின்றான். "சலவைக் கடை. வெள்ளைச் சட்டையில மை பட்டா எடுக்கற மாதிரிதான் எடுத்தேன்."

"பேப்பர் நோகவே இல்லையே."

"நோகடிச்சா கடை நடத்த முடியுங்களா?"

"எடுக்கறவங்க நிறைய பேர் இருக்காங்க. எடுத்தேன்னு யாரும் எழுதி வைக்கறதில்ல." நடுவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "கெட்டுப்போன உறைக்கு நான் மதிப்பெண் போட முடியாது. தெரியுமில்ல?"

"தெரியும் மேடம். மீதியெல்லாம் தபால்னு ஏத்துக்கிட்டா போதும்."

அவர் பூதக்கண்ணாடியோடு மற்ற ஸ்டாம்புகளுக்கு நகர்ந்தார். ஒவ்வொரு கோட்டையும் அது தொடங்கிய இடத்திலிருந்து வால் வரை தொடர்ந்தார். கடைசி வரிசையில் ஒன்றின் மேல் விரல் வைத்தார்.

"இது தபால் இல்ல. கோடு நிதானமா போயிருக்கு. வால் இல்ல. ரசீதுல யாரோ போட்ட கையெழுத்தோட துண்டு."

பார்த்தேன். அவர் சொன்னது சரி. எத்தனையோ முறை பார்த்தும் எனக்குத் தெரியாமல் போயிருந்தது.

"எடுத்துடறேன் மேடம்."

"அத எடு. மீதி தபால் பிரிவுலயே இருக்கட்டும்," என்று தாளில் குறித்துக்கொண்டு அடுத்த சட்டத்துக்குப் போனார்.

இடுக்கியால் அந்த ஸ்டாம்பை எடுத்தேன். காலியான இடத்தை மறைக்காமல் சட்டத்தை மூடினேன்.