குரலைத் தந்தவர் கையைக் கேட்டார்

லிப்ட் மெக்கானிக்குக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் பாட்டுதான். வாரம் ஆறு நாளும் கிரீஸ் படிந்த கையோடு லிப்ட் குழிகளில் ஏறி இறங்குகிறவன், ஏழாம் நாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தேவாலயப் பாடகர் குழுவின் பின்வரிசையில் நிற்பான். கட்டைக்குரலில் அவனை அடிக்க அந்தச் சபையில் ஆள் கிடையாது.

அந்த வருஷம் கடைசி பெஞ்சில் மூன்று பேர் புதிதாக வந்து உட்கார ஆரம்பித்தார்கள். பக்கத்து அச்சகத்தில் வேலை செய்கிறவர்கள். மூவருக்கும் காது கேட்காது. மற்றவர்கள் எழுந்தால் எழுவார்கள், உட்கார்ந்தால் உட்காருவார்கள். ஒரு நாள் ஆராதனை முடிந்ததும் போதகர் மெக்கானிக்கைத் தனியே கூப்பிட்டார்.

"உங்க அக்காவுக்குக் காது கேக்காதுல்ல தம்பி? உங்களுக்குச் சைகை மொழி நல்லா வரும்னு சொன்னாங்க."

"வரும் ஐயா. ஆனா நான் பாடகர் குழுவுல இருக்கேனே."

"அங்க பதினாறு பேர் இருக்காங்க. இதுக்கு நீங்க ஒருத்தர்தான்."

"ஜெபிச்சுட்டுச் சொல்றேன்" என்றான். முடியாது என்பதற்குச் சபையில் அதுதான் மரியாதையான வார்த்தை.

அக்கா அவனுக்கு நாலு வயது மூத்தவள். ஆஸ்பத்திரி, பஸ், பள்ளிக்கூடம், கடைசியில் அவள் கல்யாணப் பேச்சு வரைக்கும் அவளுக்கு வாய் இவன்தான். பந்து விளையாடப் போனால் பாதி ஆட்டத்தில் அம்மாவின் குரல் வந்துவிடும். அக்கா புகுந்த வீட்டுக்குப் போன அன்று 'அப்பாடா' என்று மூச்சு விட்டதை இவன் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மறுபடியும் அதே நுகத்தடியா?

வீட்டில் மனைவியிடம் வெடித்தான். "தொண்டையக் குடுத்தது அவருதானே? இப்போ வாய மூடிக்கிட்டு கைய ஆட்டுன்னா என்ன நியாயம்?"

"போதகர்தானே கேட்டாரு? ஆண்டவரா வந்து கேட்டாரு?"

"அதான் சிக்கலே. போதகர் மட்டும் கேட்டிருந்தா, முடியாதுன்னுட்டு நிம்மதியா தூங்கியிருப்பேன்."

நிம்மதி போய்விட்டது. பாட நின்றால் கண் கடைசி பெஞ்சுக்கே ஓடியது. இரண்டு முறை சுதி தப்பினான். பிறகு ஞாயிற்றுக்கிழமை டியூட்டியை அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். ஆளில்லாத அலுவலகக் கட்டடங்களில் லிப்ட் கூண்டின் மேல் உட்கார்ந்து வேலை பார்த்தான். ஜெபம் பண்ண ஆரம்பித்தால் சண்டையில் முடிந்தது. "வேற ஆளே கிடைக்கலையா உமக்கு?" பதில் வரவில்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது.

நாலாவது வாரம் ஒரு மாலையில் அக்கா வந்தாள். அச்சகத்து ஆட்களில் ஒருத்தி அவளுடைய தோழி. விஷயம் காதுக்கு எட்டாவிட்டாலும் கைக்கு எட்டியிருக்கும், திட்டப்போகிறாள் என்று இவன் தயாராக இருந்தான். அவள் வேறொன்று கேட்டாள்.

'அம்மாவ அடக்கம் பண்ண அன்னைக்கு போதகர் அரைமணி நேரம் பேசினாரே, என்ன சொன்னார்? எல்லாரும் அழுதீங்க. நடுவுல ஒரு தடவை சிரிச்சீங்க. அது எதுக்கு?'

மூன்று வருஷத்தில் அவள் இதைக் கேட்டதே இல்லை. இவன் யோசித்து யோசித்துப் பார்த்தான். அன்று தான் பாடியது நினைவிருந்தது, எந்த அடியில் குரல் உடைந்தது என்பது வரைக்கும். பிரசங்கத்தில் ஒரு சொல் கூட நினைவில்லை.

'மறந்துபோச்சு' என்று காட்டினான். அவள் தலையை ஆட்டிவிட்டு, ஆறிப்போன தேநீரைக் குடித்துவிட்டுப் போனாள்.

மறுநாள் போதகரிடம் ஓடினான். அவர் நெற்றியைத் தேய்த்தார். "அதுக்கப்புறம் எத்தனையோ அடக்கம் பண்ணிட்டேன் தம்பி. ஞாபகம் இல்லையே."

ஆத்திரம் பொங்கியது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. வாசல் வரை போனவன் திரும்பினான். "இந்த ஞாயிறு நிக்கிறேன் ஐயா. சந்தோஷமா நிக்கிறேன்னு மட்டும் நினைச்சுக்காதீங்க."

"நான் சந்தோஷத்தக் கேக்கலையே. நில்லுங்க."

நின்றான். படு மோசம். போதகர் ரயில் வேகத்தில் பேசிக்கொண்டே போனார். 'கிருபை'க்கு என்ன சைகை என்றே இவனுக்குத் தெரியவில்லை. அக்காவோடு பேசியதெல்லாம் சோறு, பஸ், காய்ச்சல். போதகரின் வேடிக்கைப் பேச்சுக்குச் சபை சிரித்து ஓய்ந்த பிறகு கடைசி பெஞ்ச் தனியாகச் சிரித்தது. பாட்டு வந்தபோது பாடிக்கொண்டே சைகை காட்டப் பார்த்தான். கை தடுமாறியது. வாயை மூடிக்கொண்டான். முதுகுக்குப் பின்னால் பாடகர் குழுவில் இவனுடைய இடத்தில் ஒரு தபால்காரர் சுதி இல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தார்.

கடைசி பெஞ்சில் நாலாவது ஆளாக அக்கா உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும் நேரே வந்தாள். 'மன்னிப்புன்னு காட்ட வேண்டிய இடத்துல மூணு தடவை சோப்புன்னு காட்டினே.' அச்சகத்துக்காரர்கள் தோள் குலுங்கச் சிரித்தார்கள். இவனுக்கு முகம் கடுகடுத்தது.

புதன்கிழமை வேலை முடிந்து, கையைக் கூடச் சரியாகக் கழுவாமல் போதகர் வீட்டுக் கதவைத் தட்டினான்.

"ஐயா, பிரசங்கத்த முன்னாடியே எழுதிக் குடுத்துடுங்க. சனிக்கிழமை அக்காவோட உக்காந்து பாக்கணும்."

"நான் சனிக்கிழமை சாயங்காலம்தான் தயார் பண்ணவே ஆரம்பிப்பேன், தம்பி."

"அப்போ இனிமே வெள்ளிக்கிழமை ஆரம்பிங்க" என்றான் மெக்கானிக். "கஷ்டப்படுறது நான் ஒருத்தன் மட்டும்தானா?"