இரண்டாவது வரிசை, முதல் படம்

அன்றைக்குக் காலையில் இடுப்பு அவரை எழுந்திருக்கவே விடவில்லை. முப்பது வருஷமாகக் கட்டடங்களுக்குக் குனிந்தே கம்பி கட்டியதில் கம்பிக்காரருக்கு இடுப்பு ஒரு சண்டைக்காரப் பங்காளி மாதிரி ஆகிவிட்டிருந்தது. என்ன கொடுத்தாலும் முறைக்கும். கட்டில் விளிம்பைப் பிடித்து ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கை தலையணைக்கு அடியில் போனது. இருபத்தோரு நாளாக முகம் கழுவுவதற்கு முன்னால் அவர் செய்துவந்த வேலை அதுதான்: ஃபோனை எடுத்து ஒரே ஒரு படத்தைப் பார்ப்பது.

இரண்டாவது வரிசை, முதல் படம். அந்தப் படத்துக்கு அவர் வைத்திருந்த விலாசம் அவ்வளவுதான். அவருக்கு எழுத்து சரியாக வராது. ஃபோனில் எது எங்கே இருக்கிறது என்பதைக் கட்டைவிரல்தான் மனப்பாடம் செய்து வைத்திருந்தது.

இன்றைக்கு விரல் போய் நின்ற இடத்தில் அந்தப் படம் இல்லை. நாள் நாளாகப் பிரித்து, முதலில் எடுத்தது முதலில் என்று அடுக்கியிருந்த வரிசைகளும் இல்லை. மேலே திரை அகலத்துக்கு ஒரு பெரிய கட்டம். அதில் அவர் கட்டிய கம்பிக் கூடு ஒன்று மெதுவாகப் பெரிதாகிக்கொண்டே வந்தது, பின்னால் யாரோ ஏதோ இசை வாசித்தார்கள். அதற்குக் கீழே சின்னச் சின்னக் கட்டங்கள், வரிசைக்கு நாலு. எதற்கு அடுத்து எது என்று தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"காலங்காத்தால ஃபோனோட என்ன மல்லுக்கட்டு?" என்றாள் மனைவி, அடுப்பங்கரையிலிருந்து.

"படமெல்லாம் இடம் மாறிக் கெடக்கு."

"ராத்திரியே அதுவா மாத்திக்குதாம். யாரையும் கேக்கறதில்லை. கல்லு தூக்கற அக்காவுக்கும் போன வாரம் இப்படித்தான் ஆச்சு. அவ புருஷன் படத்தையே காணோமாம், நிம்மதியா இருக்கேங்கறா."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பெரிய கட்டத்தைத் தொட்டார். கட்டுப் பிரிந்த மாதிரி எட்டுப் படங்கள் வந்து விழுந்தன. எட்டும் அவர் எடுத்தவை. முதல் மாடியின் எட்டு பால்கனிகள், கான்கிரீட் போடுவதற்குக் கொஞ்சம் முன்னால். ஒரே மாதிரி இருக்கிறதே என்று ஃபோன் எட்டையும் ஒரு மூட்டையாகக் கட்டி, தனக்கு அழகாகப் பட்டதை மேலே வைத்து, மற்றதைக் கலைத்துப் போட்டிருந்தது. அவர் தேடிய படமும் அதில் கிடந்தது, ஆறாவதோ ஏழாவதோ. கம்பிகள் நடுவில் அமுங்கி, பூட்ஸ் தடத்தோடு. ஆனால் அது எந்த பால்கனி? படம் இருக்கிற தைரியத்தில் அவர் எண்ணை மனதில் வைத்துக்கொள்ளவே இல்லை.

அதை வரிசை மட்டும்தான் சொல்லும். மாடிப்படிப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, ஒன்று, இரண்டு என்று நடந்துகொண்டே எடுப்பது அவர் பழக்கம். கான்கிரீட் விழுந்துவிட்டால் உள்ளே இருப்பது படத்துக்கு மட்டும்தான் தெரியும். நாளைக்கு யாராவது 'நீ கட்டினது சரியில்லை' என்றால் காட்ட வேண்டுமே.

பால்கனி என்பது சுவரிலிருந்து வெளியே கை நீட்டி நிற்கிற சமாச்சாரம். நீட்டிய கையில் தண்ணி வாளியை மாட்டினால் தோளின் மேல்பக்கம்தான் இழுபடும். பால்கனியிலும் பாரத்தைப் பிடித்து நிறுத்துவது மேலே ஓடுகிற கம்பிதான். அதை மிதித்து அடிக்கு அமுக்கிவிட்டால், கம்பி இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். கான்கிரீட் போட்ட அன்றைக்குக் குழாய் பதிக்க வந்தவர்கள் குறுக்கே நடந்து ஒன்றை அமுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். கடைசியாகப் படம் எடுத்துக்கொண்டு வரும்போது அவர் பார்த்தார்.

"சார், ஒண்ணுல மேல் கம்பி உக்காந்துடுச்சு. தூக்கிக் கட்ட அரை மணி நேரம் குடுங்க" என்று அப்போதிருந்த எஞ்சினியரிடம் சொன்னார்.

"கான்கிரீட் லாரி நிக்குதுண்ணே. நீங்க இறங்குங்க, நான் ஆள் விட்டுத் தூக்கிக்கறேன்."

அவர் இறங்கினார். தூக்கினார்களா என்று போய்ப் பார்க்கவில்லை. அந்த எஞ்சினியர் பத்து நாளில் வேறு வேலைக்குப் போய்விட்டார், கூப்பிட்டால் எடுப்பதில்லை. கம்பிக்காரரும் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கு, கான்கிரீட் இறுகும்வரை அந்த எட்டையும் அடியிலிருந்து தாங்க வைத்த இரும்பு முட்டுகளைப் பிரிக்கிற நாள். பிரிக்கப் போகிறவன் சென்ட்ரிங் வேலை செய்கிற அவருடைய மைத்துனன், மனைவிக்கு ஒரே தம்பி.

எட்டு மணிக்கு அவன் சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு கட்டடத்து முற்றத்தில் நின்றிருந்தான்.

"என்ன மாமா, நடை ஒரு தினுசா இருக்கு? அக்கா ராத்திரி வெளுத்துட்டாளா?"

"உன் அக்காவைக் கட்டிட்டு வந்ததிலேருந்தே என் நடை இப்படித்தான் மாப்ள."

"அப்ப என்னைச் சொல்லாதீங்க. நான் அப்பவே வேணாம்னுதான் சொன்னேன்."

அவன் சிரித்தான்.  அவர் நேரே புது எஞ்சினியரிடம் போனார். கேட்டருகில் தகரக் கொட்டகை. எஞ்சினியர் வந்து ஒன்பது நாள்தான் ஆகிறது; சட்டையில் மடிப்பே இன்னும் கலையவில்லை.

"சார், எட்டு பால்கனில ஒண்ணு எனக்கு சந்தேகமா இருக்கு. மேல் கம்பி அமுங்கியிருக்கலாம்."

"இருக்கலாம்னா? எது?"

"எட்டையும் இன்னும் கொஞ்ச நாள் விட்டு வெச்சா..."

"முட்டு பூரா மத்தியானத்துக்குள்ள ரெண்டாவது மாடிக்கு ஏறணும்ணே. நாளைக்கு அங்க வேலை. எட்டையும் விடச் சொன்னா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. ஒண்ணுன்னா ஒண்ணு சொல்லுங்க, விட்டுடறேன். பாத்து, தட்டி, ஒடைக்கணும்னா ஒடைச்சுக்கலாம். எது?"

கம்பிக்காரர் ஃபோனை எடுத்தார். திரும்பவும் இசை வாசித்தது. எஞ்சினியரும் வாங்கித் தடவிப் பார்த்தார்.

"இதுவா கலைச்சுப் போட்டிருக்கே! எனக்கும் இதே தலைவலிதான். எதை எங்க வெச்சானுங்கன்னே தெரியலை. உங்களுக்கு ஞாபகம் இல்லையா?"

எண் சொல்லாவிட்டால் ஒன்றுமே நடக்காது என்பது அவருக்குப் புரிந்தது. கண்ணை மூடினார். இரண்டாவது வரிசை, முதல் படம். கண்ணைத் திறந்து, கையிலிருந்த ஃபோன் திரையில் எண்ணினார். வரிசைக்கு நாலு. நாலு முடிந்து அடுத்தது.

"அஞ்சு" என்றார்.

"நிச்சயமா?"

"நிச்சயம்."

வெளியே வந்து மைத்துனனிடம், "அஞ்சாவதைத் தொடாத மாப்ள" என்றார்.

"ஏன், அதுக்கு மட்டும் என்ன தனிக் கவனிப்பு?"

"எஞ்சினியர் சொல்லிட்டாரு."

முட்டு பிரிக்கிறதில் ஒரு முறை உண்டு. நுனியில் ஆரம்பித்துச் சுவரைப் பார்த்து வர வேண்டும். மைத்துனன் அதில் கெட்டிக்காரன். திருகைத் தளர்த்தி, ஒரு தட்டு. முட்டு சாயும், பலகை விழும், அவன் தூசிக்குள்ளிருந்து இருமிக்கொண்டே வெளியே வருவான். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொரு தட்டுக்கும் கம்பிக்காரர் கையிலிருந்த கம்பியை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். நாலாவதில் கடைசி முட்டு லேசில் வரவில்லை. மேலேயிருந்து யாரோ அழுத்திப் பிடித்த மாதிரி நின்றது. மைத்துனன் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லி மூன்று அடி அடித்தான். வந்தது. பால்கனி நின்றது. அஞ்சை விட்டுவிட்டு ஆறு, ஏழு, எட்டு. எல்லாம் நின்றன.

பதினொரு மணிக்கெல்லாம் கழற்றிய முட்டுகள் மாடிக்குப் போய்விட்டன. கம்பிக்காரருக்கு மூச்சு கொஞ்சம் சீராக வந்தது. தண்ணீர் குடித்தார். இடுப்புகூட வழிக்கு வந்த மாதிரி தெரிந்தது.

மத்தியானம் மனைவி மணல் குவியலுக்குப் பக்கத்தில் தூக்குச்சட்டியைத் திறந்துவைத்து உட்கார்ந்தாள். தலையில் சும்மாடு அழுந்திய வட்டம் அப்படியே இருந்தது. காலையிலிருந்து பால்கனிக் கைப்பிடிச் சுவருக்குச் செங்கல் ஏற்றியிருக்கிறாள்.

"இன்னைக்குக் கழுத்தே போச்சு. அஞ்சாவது மேல ஒரு கல்லுகூட வைக்கக் கூடாதுன்னு எஞ்சினியர் கத்திட்டாரு. அந்தக் கல்லையும் சேத்து நாலாவதுலயே அடுக்கியாச்சு. இடுப்பு ஒசரத்துக்கு நிக்குது" என்றாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு தன் ஃபோனை நீட்டினாள். "இங்க பாருங்க, பொண்ணு பள்ளிக்கூடத்துல எடுத்த படம் அனுப்பியிருக்கா. அதுல எதையும் அமுக்கித் தொலைச்சுடாதீங்க, இது இன்னும் பழைய மாதிரியேதான் இருக்கு."

அவர் வாங்கினார். நாள் நாளாகப் பிரித்த வரிசைகள். அவர் விரலுக்குப் பழகிய அதே அடுக்கு. மகள் சிரித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு படம், இன்னொரு படம். பிறகு வரிசை முடிந்து அடுத்த வரிசை.

வரிசைக்கு மூன்று.

திரும்ப எண்ணினார். மேலே தள்ளி எண்ணினார். எங்கே எண்ணினாலும் மூன்றுதான். மூன்று முடிந்து அடுத்த வரிசையின் முதல் படம் நாலாவது. கையிலிருந்த கவளத்தைச் சட்டியிலேயே போட்டார்.

நிமிர்ந்து பார்த்தார். எட்டு பால்கனிகளின் விளிம்பும் நூல் பிடித்த மாதிரி ஒரே கோடாக ஓட வேண்டும். ஓடவில்லை. நாலாவதின் நுனி இரண்டு விரல்கடை இறங்கியிருந்தது. அதன் மேல் செங்கல் அடுக்கு, மனைவி சொன்ன உயரத்துக்கு, வெளியே பார்த்துச் சாய்ந்திருந்தது. அதன் அடியில் நிழல் நன்றாக விழுந்திருந்தது. நிழலில் காலை நீட்டி, முதுகைச் சுவரில் சாய்த்து மைத்துனன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கூட இரண்டு பேர்.

"எந்திரி! டேய், எந்திரிடா! வெளியே வா!"

அவர் ஓடினார். முப்பது வருஷத்தில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. கூட இருந்த இரண்டு பேரும் தட்டோடு எழுந்து வெளியே பாய்ந்தார்கள். மைத்துனன் மட்டும் சோற்றுக் கையோடு, "என்ன மாமா, பாம்பா?" என்று சுற்றிலும் பார்த்தான். அவர் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். இரண்டு பேருமாக மண்ணில் விழுந்தார்கள். மேலே, சுவரை ஒட்டி, காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஒரே ஒரு செங்கல் அடுக்கிலிருந்து நழுவி, அவன் சாப்பிட்ட இடத்தில் விழுந்து இரண்டாக உடைந்தது.

 மனைவி தூரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தம்பியைப் பார்த்தாள், பால்கனியைப் பார்த்தாள். தான் ஏற்றிய கல்லைப் பார்த்தாள்.

"யாரும் மேல போகாதீங்க! கல்லை எடுக்கறேன்னு ஒருத்தரும் அதுல கால் வைக்காதீங்க!" என்று கம்பிக்காரர் கத்தினார். "கீழேருந்து முட்டுக் குடுக்கணும். உடனே."

"முட்டு பூரா ரெண்டாவது மாடியில இருக்கு. இறக்கறதுக்குள்ள இது இறங்கிடும்" என்றான் மைத்துனன். அவன் கண் அஞ்சாவதின் அடியில் போனது. அங்கே ஆறு முட்டுகள், காலையில் விட்டது விட்டபடி நின்றன. "அதைக் கழட்டட்டுமா? அஞ்சாவது நிக்குமா?"

"நிக்கும்."

"காலையில அதைத்தானே தொடாதன்னீங்க?"

"நிக்கும் மாப்ள. கழட்டு."

அவன் அவர் முகத்தை ஒரு நொடி பார்த்தான். பிறகு போய்த் திருகைத் தளர்த்தினான். அஞ்சாவது அசையவில்லை. இரண்டு முட்டுகளைத் தூக்கிக்கொண்டு நாலாவதின் அடியில் நுழைந்தான். கம்பிக்காரரும் கூடவே போனார். அடியைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். மேலேயிருந்து சிமெண்டுத் தூள் அவர் பிடரியில் பொலபொலவென்று கொட்டிக்கொண்டே இருந்தது. அவன் திருகைச் சுற்றினான். அவர் குனிந்து முட்டின் காலை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டார். இடுப்பு என்ன சொன்னதோ, அவர் காதில் விழவில்லை. முதல் முட்டு மேலே தொட்டு இறுகியதும் தலைக்கு மேல் ஒரு முனகல் கேட்டது. இரண்டாவது இறுகியதும் நின்றது. தூள் கொட்டுவது மட்டும் நிற்கவில்லை.

வெளியே வந்தபோது எஞ்சினியர் கேட்டருகில் யாருடனோ ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். மடிப்புச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அந்தப் பக்கம் யாரும் போகக் கூடாதென்று கயிறு கட்டச் சொல்லி ஆள் போனது.

மைத்துனன் உடைந்த செங்கல்லைக் காலால் தள்ளிப் பார்த்தான். 

"நான் சாஞ்சிருந்த எடம், இல்ல?"

"ம்."

"காலையில அடிக்கறப்பவே அந்தக் கடைசி முட்டு வரலை மாமா. மூணு அடி அடிச்சேன்." அவன் கையைச் சட்டையில் துடைத்தான். "அஞ்சுன்னு எந்த மடையன் சொன்னது?"

மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். தம்பியின் தோளிலிருந்த தூசியைத் தட்டினாள். அவளும் கணவர் முகத்தைத்தான் பார்த்தாள்.

"எஞ்சினியர்" என்றார் கம்பிக்காரர். "அவர் கணக்குல தப்பு."

"அதானே பாத்தேன். நீங்களா இருந்தா விடுவீங்களா?" என்றான் மைத்துனன். மிச்ச முட்டுகளைக் கொண்டுவர அஞ்சாவதின் பக்கம் நடந்தான். இன்னும் நாலு முட்டு நாலாவதின் அடியில் இறுக்க வேண்டும். அவன்தான் இறுக்க வேண்டும்.

அவர் பின்னாலேயே போனார். மைத்துனனுக்கு அவர் ஓர் உண்மையைச் சொல்லக் கடன்பட்டிருந்தார்: கம்பி அமுங்கியது அவருக்கு இருபத்தோரு நாளாகத் தெரியும், அஞ்சு என்று சொன்னதும் அவர்தான். அந்தக் கடனை அவர் அன்றைக்குத் தீர்க்கவில்லை.